அட்டை விலை

சிவகாசி,
ஆவணி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. போனில் பேசினால் நீ "சரி மாமா, சரி மாமா" என்று சொல்லிக்கொண்டே லேப்டாப்பில் வேறு வேலை பார்ப்பாய். அதனால்தான் காகிதம்.

இரண்டு விஷயம் பேச வேண்டியிருக்கிறது. ஒன்று, போன வாரம் காதுகுத்து வீட்டில் நடந்தது. உன் ஷூவையும் வாட்சையும் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் உன் காதில் விழும்படி, "அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்த ராத்திரியில குடை பிடிப்பானாம்" என்றாராம். நீ பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டாயாம். இன்னொன்று, உன் கல்யாணப் பத்திரிகை. நீ அனுப்பிய வாசகத்தை வைத்துப் புரூப் எடுத்தாயிற்று. அது என் மேசையில் கிடக்கிறது. முதல் விஷயத்தில் நான் உன் கட்சி. இரண்டாவதில் இல்லை.

பெரியவர் விவகாரத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஷூ உன் சம்பளத்தில் வாங்கியது. வாட்சும் அப்படித்தான். யாரிடமும் கைநீட்டவில்லை, யாரிடமும் பொய் சொல்லவில்லை. பிறகு எதற்குக் குடைப் பழமொழி? அதைச் சொல்கிறவர் யார், யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்று கவனித்திருக்கிறாயா? பண்ணையார் மகன் ராத்திரியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாலும் அவனை யாரும் அற்பன் என்று சொல்வதில்லை. அந்தப் பழமொழி மேலே இருந்து கீழேதான் விழும்.

குடை என்ன சாதாரணச் சாமானா? 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிட மக்களுக்கு ஆதிக்க சாதியார் எட்டுத் தடை போட்டார்கள். விருதுநகர், சிவகாசி, சாத்தூர் எல்லாம் அப்போது அந்த ஜில்லாவில்தான் இருந்தன. நமக்குத் தனி மாவட்டம் வந்தது 1985-ல். தங்கம், வெள்ளி போடக் கூடாது. ஆண்பிள்ளைகள் வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண்சட்டி தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் மேல்துணி போடக் கூடாது, பூவும் மஞ்சளும் கூடாது. கடைசித் தடை என்ன தெரியுமா? வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்பு போடக் கூடாது. 1931 சென்சஸை நடத்திய ஹட்டன் துரை சாதியைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இதையெல்லாம் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். தெற்கே திருவிதாங்கூரில் நாடார்களுக்கும் இதே மாதிரி குடை, செருப்பு, தங்க நகை எல்லாம் விலக்கப்பட்டிருந்தது. மேல்துணி போடுவதற்கு அந்தப் பெண்கள் போராடி, 1859-ல்தான் மகாராஜாவின் பிரகடனம் வந்தது.

பட்டப்பகலில் குடை பிடிக்க விடாத ஊரில் ஒருத்தன் ராத்திரியில் அதை விரித்துப் பார்த்தான் என்றால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் வேறு எப்போது விரிப்பான்? பெர்சிவல் பாதிரியார் 1874-ல் ஆறாயிரத்துக்கு மேல் தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டிப் போட்டார். தமிழறிஞர் கி.வா.ஜ. அதைவிடப் பெரிய தொகுப்பை நான்கு பாகமாகக் கொண்டுவந்தார். எதை எடுத்துப் பார்த்தாலும் பழமொழி இருக்கும், சொன்ன ஆள் இருக்க மாட்டார். அந்த ஆளை நாம்தான் தேட வேண்டும். ஆகவே அந்தப் பெரியவர் சொன்னதைக் காதுகுத்து வீட்டுக் கொல்லையிலேயே விட்டுவிடு. ஷூவைத் துடைத்துப் போட்டுக்கொள். "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்று சொன்னதும் தமிழ்ப் பழமொழிதான். துணிமணி விஷயத்தில் நான் அதன் பக்கம்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன்.

பகட்டைப் பற்றி இன்னொரு வகைப் பழமொழி உண்டு. அது தெருவில் பிறந்ததில்லை, அடுப்படியில் பிறந்தது. "ஆத்தாள் அம்மணம், அன்றாடம் கோதானம்." பெற்றவளுக்குக் கட்டத் துணி இல்லை, பிள்ளை தினமும் பசுமாடு தானம் பண்ணுகிறான். "இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்." "சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்." நம் பக்கம் தெலுங்கு பேசுகிற வீடுகளில், "பேரு பெத்த பேரு, தாக நீலு லேது" என்பார்கள், பேர்தான் பெரிய பேர், வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை. சாத்தூர்க் கரிசலில் கோடையில் குடத்தோடு அலைந்தவளுக்குத்தான் அதன் அர்த்தம் முழுசாகப் புரியும். சேலை, சட்டி, அகப்பை, தண்ணீர். இதையெல்லாம் யார் சொல்லியிருப்பார்கள் என்று யோசி. வீட்டுக்காரரோ மகனோ வெளியில் காட்டுகிற பவுசுக்கு உள்ளே இருந்து கட்டணம் கட்டியவள்தான். அவள் வாயிலிருந்து வந்ததற்கு நான் மரியாதை கொடுப்பேன்.

வேறு தேசங்களிலும் இருக்கிறது. அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம் மாட்டுப்பண்ணைக்காரர்கள், "தொப்பிதான் பெரிசு, மாடு ஒண்ணும் இல்லை" என்பார்களாம். அது வெறும் கேலி. சீனாக்காரர்கள் சொல்வதுதான் வலிக்கும்: தன் கன்னத்தில் தானே அறைந்து வீங்கவைத்து, கொழுத்த ஆள் மாதிரி காட்டிக்கொள்கிறான். நாம் விரலுக்குத் தகுந்த வீக்கம் என்கிறோம், அவர்கள் வீக்கம் எப்படி வந்தது என்றே சொல்லிவிட்டார்கள். நம் ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வெத்துவேட்டு, புஸ்வாணம், நமுத்துப்போன பட்டாசு என்று தமிழ்நாடு முழுக்கத் திட்டுகிறார்களே, சரக்கு சிவகாசியுடையது.

உன் புரூப்புக்கு வருவோம். நீ தேர்ந்தெடுத்திருப்பது பாக்ஸ் கார்டு. தங்க ஃபாயில், எம்போஸ் பிள்ளையார், உள்ளே வெல்வெட் விரிப்பு. ஒரு கார்டு 150 ரூபாய், 600 கார்டு. 90,000 ரூபாய். அச்சாபீஸ்காரன் வாயால் சொல்லக் கூடாது; ஆனாலும் சொல்கிறேன், கல்யாணம் முடிந்த மறுநாள் அந்தப் பெட்டியில் ஊசி நூலும் பழைய பட்டனும் போட்டு வைப்பார்கள். அதுகூடப் போகட்டும், காசு உன்னுடையது. எழுத்தைப் பார். உன் அப்பா பெயருக்குக் கீழே "தொழிலதிபர்" என்று போட்டிருக்கிறாய். அவர் நடத்துவது பஸ் நிறுத்தத்தில் பெட்டிக்கடை. விலாசத்தில் "லட்சுமி இல்லம்" என்று போட்டிருக்கிறாய். அது ஒத்தி வீடு. கெடு முடிந்தால் வீட்டுக்காரர் பணத்தைக் கொடுத்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொள்வார்.

இந்த மேசையில் இப்படி எத்தனையோ புரூப் பார்த்தவன் நான். மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் படிப்பு போதாமல் கம்பெனி பெயர் வரும், பிறகு அந்தக் கம்பெனி வெளிநாட்டுக் கம்பெனி என்று அடைப்புக்குறிக்குள் வரும். மளிகைக்கடையை அடித்துவிட்டு ஸ்டோர்ஸ் என்று எழுதுவார்கள், ஸ்டோர்ஸை அடித்துவிட்டு டிரேடர்ஸ் என்பார்கள். உன்னைப் போல ஒரே தாவாகத் தொழிலதிபர் வரைக்கும் ஏற்றிவிடுகிறவர்களும் உண்டு. பட்டாசுக் கட்டுக்கு லேபிள் ஒட்டிச் சாப்பிடுகிற ஊர் நம் ஊர். 1923-ல் பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுவந்து இங்கே தீப்பெட்டி ஆரம்பித்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்ததால் அச்சு வந்தது. அச்சு வந்ததால் எனக்குச் சோறு வந்தது. லேபிளைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஆனால் லேபிள் எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியும்.

திருத்தங்கல் வழியாக பஸ்ஸில் வரும்போது இரண்டு பக்கமும் பட்டாசுக் கடைகள், எல்லாக் கடையிலும் "80 சதவீதம் தள்ளுபடி" பலகை. பெட்டியில் ஆயிரம் என்று அச்சடித்திருக்கும், இருநூறுக்குக் கொடுப்பார்கள். கொடுக்கிறவனுக்கும் தெரியும், வாங்குகிறவனுக்கும் தெரியும், அச்சடித்த எங்களுக்கும் தெரியும், அது அட்டை விலை. அதை நம்பி முழுக்காசு கொடுக்கிற ஆள் யாரும் இல்லை. கல்யாண வீட்டுக்கு வருகிற நம் சொந்தக்காரர்களும் இதே ஊர்க்காரர்கள்தானே மாப்ளே. உன் பத்திரிகையைக் கையில் வாங்கும்போதே மனசுக்குள் தள்ளுபடி போட்டுவிடுவார்கள். "தொழிலதிபரா? பஸ் ஸ்டாப்பு பெட்டிக்கடை மச்சான்தானே!" என்று சிரித்துக்கொண்டே மொய் எழுதுவார்கள். அட்டை விலையை நம்பப்போவது ஒரே ஒரு குடும்பம். திருச்சியில் இருக்கிற பெண் வீட்டார்.

எனக்குத் தூக்கம் வராமல் போனது அங்கேதான். பெண்ணின் அப்பா நேற்று எனக்குப் போன் பண்ணினார். நல்ல மனுஷன். பேச்சோடு பேச்சாக, "சம்பந்தியம்மா ஆபீசில் வேலை பார்க்கிறாங்களாமே, லீவு போட்டுவிட்டுப் பத்திரிகை கொடுக்க வரச் சொல்லுங்க" என்றார். எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு புரிந்தது. சிவகாசியில் தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ், அச்சாபீஸ் எல்லாமே ஆபீஸ்தான். திருச்சிக்காரருக்கு ஆபீஸ் என்றால் மேசை, நாற்காலி, ஃபேன். நீ பொய் சொல்லவில்லை. அவர் தப்பாகப் புரிந்துகொள்ளட்டும் என்று சும்மா இருந்துவிட்டாய். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அம்மாவின் விரலை எங்கே ஒளித்து வைப்பாய்? சனிக்கிழமை சாயங்காலம் சம்பளக் கவரோடு வரும்போது பார்த்திருக்கிறாய். அலுமினியப் பொடி நகக்கண்ணில் ஏறி, சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் வெள்ளி மாதிரி மின்னும். முகூர்த்தத்தன்று பெண்ணின் அம்மா கையைப் பிடிக்கும்போது பார்க்க மாட்டாரா? பார்க்காமல் இருக்க உன் அம்மா, என் அக்கா, கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நிற்க வேண்டுமா? இதைத்தான் ஆத்தாள் அம்மணம் என்றார்கள்.

அக்கா வேஷம் போட்டதில்லையா என்று கேட்பாய். போட்டிருக்கிறாள். 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை போட்டு, பசுமைப் பட்டாசு மட்டும்தான் என்று சொன்னது. அந்தத் தீபாவளி முடிந்த கையோடு ஆபீஸ்களை அடைத்தார்கள்; மாதக்கணக்கில் திறக்கவில்லை. நீ ஹாஸ்டலில் இருந்தாய், உனக்கு யாரும் சொல்லவில்லை. மகளிர் குழுக் கடனுக்கு வாரத் தவணை கட்ட வேண்டும். கம்மலை அடகு வைத்துவிட்டுக் காதில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டாள். பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, "காது புண்ணா இருக்கு, அதான் கழட்டி வச்சிருக்கேன்" என்றாள். அதுவும் மறைப்புதான். ஆனால் அவள் தன் பசியை மறைத்தாள். யாரிடமும் எதையும் வாங்குவதற்காக மறைக்கவில்லை; கொடுத்த கடனைக் கேட்க வந்தவனிடம் பொய் சொல்லவுமில்லை. மானத்துக்குப் போர்த்திக்கொள்வதையும் சபைக்கு விரித்துக் காட்டுவதையும் நான் ஒன்றாக வைக்க மாட்டேன்.

கணக்கையும் பேசிவிடுவோம். முகூர்த்தம் ஐப்பசியில், தீபாவளி கழித்து. தீபாவளி முடிந்ததும் வழக்கம்போல ஆபீசை அடைத்துவிடுவார்கள். பூஜை போட்டுத் திறக்கிற வரைக்கும் அக்காவுக்குச் சம்பளம் கிடையாது. போனஸ் வந்திருக்கும், அதைக் குழுக் கடன் சாப்பிட்டுவிடும். சரியாக அந்த வாரங்களில் நீ மண்டபம், பாக்ஸ் கார்டு, அதோடு ஒரு காரையும் தவணையில் எடுக்கப் போகிறாய். மறுவீட்டுக்குச் சொந்தக் காரில் போக வேண்டுமாம். ஒரே ஒரு பயணத்துக்கு ஏழு வருஷத் தவணை. கார் வாங்காதே என்று சொல்லவில்லை. உனக்குக் காரில் போகிற வேலை வரும்போது வாங்கு.

விருதுநகர் பஜாரில் நீ சின்ன வயசில் என்னோடு வந்திருக்கிறாய். வத்தல் மூட்டைமேல் எண்ணெய்க் கறை வேட்டியோடு உட்கார்ந்திருப்பாரே ஒருத்தர், நீ அவரைக் கடைப் பையன் என்று நினைத்து "முதலாளி இல்லையா?" என்று அவரிடமே கேட்டாய். செய்தித்தாளில் விருதுநகர் மார்க்கெட் விலை என்று வருகிறதே, அந்த விலை நிர்ணயமாகிற இடத்தில் உட்கார்ந்திருந்த ஆள் அவர். அந்தத் தெருவில் ஒருத்தர் திடீரென்று கடை முகப்பைக் கண்ணாடியில் மாற்றி, பெரிய கார் வாங்கினால் பாராட்ட மாட்டார்கள்; கடன் கொடுத்தவர்கள் பற்றுவரவு நோட்டை எடுத்துப் புரட்ட ஆரம்பிப்பார்கள். மஞ்சக் கடுதாசி கொடுக்கப் போகிறவன்தான் அதற்கு முன்னால் வெள்ளையடிப்பான் என்பது வியாபாரிகளின் அனுபவம். காசை வெளியில் காட்டவே மாட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. வியாபாரத்தில் பொதுக்காரியத்துக்கென்று மகமை எடுத்து வைத்தார்கள், வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கினார்கள், அதில் க்ஷத்திரிய வித்யாசாலா நடந்தது. காமராஜர் படித்த பள்ளிக்கூடம் அது.

விருதுநகர்க்காரன் புத்தி சொல்ல உட்கார்ந்தால் காமராஜர் பெயர் வராமல் இருக்காது, வந்துவிட்டது. அவரைப் போல இரு என்று உன்னைச் சொல்ல மாட்டேன். ஒன்பது வருஷம் முதலமைச்சராக இருந்தும் வாடகை வீட்டில் செத்துப்போக எல்லோராலும் முடியாது. அதோடு அவருக்குக் கல்யாணம், சம்பந்தி, மறுவீடு என்று எந்தத் தொந்தரவும் இல்லை. ஒன்று மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். படிப்பை ஆறாம் வகுப்போடு விட்டதை அவர் மறைத்ததில்லை. மறைக்காததால் அதை யாரும் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்ல இடமில்லாமல் போயிற்று.

அவர் விருதுநகர்த் தேர்தலில் தோற்ற அதே 1967-ல்தான் பாலசந்தரின் 'பாமா விஜயம்' வந்தது. நீ பார்த்திருக்க மாட்டாய். பக்கத்து வீட்டுக்கு ஒரு சினிமா நடிகை குடிவருகிறாள், அவள் முன்னால் பணக்காரர்களாகத் தெரிய வேண்டும் என்று ஒரு நடுத்தரக் குடும்பமே கடனில் சாமான் வாங்கி நிரப்புகிறது. இப்போது பார்த்தால் எனக்கு ஒரு விஷயம்தான் உறுத்துகிறது: அந்த வீட்டில் மாமனார் ஒருத்தர் இருக்கிறார், எல்லாம் அவர் கண்முன்னாலேயே நடக்கிறது. அதனால்தான் நான் சீக்கிரமே வாயைத் திறக்கிறேன்.

"எல்லாரும் அப்படித்தான் மாமா போடுறாங்க" என்பாய். போடுகிறார்கள்தான், நான்தானே அச்சடித்துக் கொடுக்கிறேன். "உண்மையைச் சொன்னா அவங்க வேண்டாம்னுட்டா?" என்பாய். அது நியாயமான பயம். வேண்டாம் என்றால் நிச்சயதார்த்தத் தட்டோடு போகும். கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தால் அந்தப் பெண் ஒவ்வொரு தடவையும் அவள் வீட்டில் உனக்காகப் பொய் சொல்ல வேண்டும். வந்த முதல் மாசமே உன் மனைவியை உன் பொய்க்குக் கணக்குப்பிள்ளை ஆக்கிவிடாதே. என் அபிப்பிராயம், அவர்கள் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். போனில் பேசிய பத்து நிமிஷத்தில் அவர் உன் சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையன் குடிப்பானா என்றுதான் கேட்டார்.

புரூப்பில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அப்பா பெயருக்குக் கீழே ஒன்றும் வேண்டாம், பெயர் போதும். இல்லத்தை எடுத்துவிட்டுக் கதவு எண்ணும் தெருவும் போடுவோம். பாக்ஸுக்குப் பதில் மஞ்சள் ஓரம் வைத்த நல்ல ஆர்ட் கார்டில் நானே வடிவமைத்துத் தருகிறேன். 600 கார்டும் பத்தாயிரத்துக்குள் முடியும். மிச்சத்தில் முதலில் அந்தக் கம்மலை மீட்டுக் கொடு. அக்கா வட்டி மட்டும் கட்டி வருகிறாள்; அது இன்னும் அடகுக் கடையில்தான் கிடக்கிறது.

அடுத்த வாரம் சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி வா. ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ, நான், அக்கா மூன்று பேரும் திருச்சிக்குப் போவோம். பெட்டிக்கடையையும், ஒத்தி வீட்டையும், பட்டாசு ஆபீசையும் நீதான் உன் வாயால் சொல்ல வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மறுநாள் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பிளேட் போடுகிறார்கள். அதற்குமேல் என்னால் நிறுத்தி வைக்க முடியாது. வருகிறாயா என்று இதைப் படித்த அன்று ராத்திரிக்குள் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் மாமா